ஆளுமை வகையும் வளர்ந்த வீடும்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பெற்றோர் கூட்டம், கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பு, ஒட்டுக்கடை மேசை என்று பிள்ளைகளின் குணத்தைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். அவசரக்காரர்கள் 1, 2-ஆம் பதில்களையாவது முதலில் படித்துவிடுங்கள். மற்றவை அதைத் தெரிந்துகொண்டவர்களுக்காக எழுதப்பட்டவை.

1. பசங்க போன்ல நாலு எழுத்து, பதினாறு வகைன்னு காட்டுறாங்களே, ஆளுமை வகைன்னா அதுதானா?

அது ஒரு முறை. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய வகைப்பாட்டை வைத்து அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மயர்ஸ் இருவரும் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அது 1962-இல் வெளிவந்தது. அதில் நான்கு சோடிகள் உண்டு: அகமுகமா (தனிமையில் தெம்பு பெறுபவர்) புறமுகமா (ஆட்களோடு கலந்து தெம்பு பெறுபவர்); கண்ணால் கண்டதை நம்புகிறவரா, உள்ளுணர்வை நம்புகிறவரா; முடிவெடுக்கும்போது நியாயத்தைப் பார்ப்பவரா, ஆட்களின் மனதைப் பார்ப்பவரா; திட்டம் போட்டு நடப்பவரா, வந்தபோது பார்த்துக்கொள்பவரா. நான்கிலும் ஏதாவது ஒரு பக்கம் என்று பிரித்தால் பதினாறு வகை வரும். போனில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த அசல் வினாத்தாள் அல்ல, அதே எழுத்துகளைப் போட்டுக்கொண்ட வேறொன்று.

ஆய்வாளர்கள் இன்று அதிகம் நம்புவது ஐந்து பண்பு முறையை: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், பதற்றப்படும் தன்மை. இதில் யாரையும் ஒரு பெட்டிக்குள் போடுவதில்லை. ஒவ்வொரு பண்பும் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் அளப்பார்கள். பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். கீழே எண்களாக வரும் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் இந்த ஐந்து பண்புகளைப் பற்றியவை.

2. சுத்தி வளைக்காம சொல்லுங்க. வளர்ப்பு குணவகையை மாத்துமா, மாத்தாதா?

மாற்றும், ஆனால் பெற்றோர் நினைக்கும் வழியில் அல்ல. இரட்டையர், தத்துப்பிள்ளைகள் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், மனிதருக்கு மனிதர் ஆளுமையில் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு மரபணுவால் வருவது. ஒரே வீட்டில் வளர்ந்ததால் உடன்பிறப்புகளுக்கு ஒன்றுபோல வந்து சேரும் பங்கு மிகச் சிறியது, பல ஆய்வுகளில் சுழியை ஒட்டியே நிற்கிறது. மீதி முழுவதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நேர்வது: நோய், நண்பன், ஆசிரியர், தற்செயல். சோதனையின் அளவுப் பிழையும் அதற்குள்தான் அடங்கும். மினசோட்டாவில் தாமஸ் புஷார்ட் 1979-இல் தொடங்கிய ஆய்வில், சின்ன வயதிலேயே பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த ஒற்றைக் கரு (மரபணு ஒன்றேயான) இரட்டையர்கள், சேர்ந்து வளர்ந்தவர்கள் அளவுக்கே குணத்தில் ஒத்திருந்தார்கள்.

இந்த 40 விழுக்காட்டைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'என் மகனின் குணத்தில் 40 பங்கு பிறவி, 60 பங்கு நான் வளர்த்தது' என்று இதற்குப் பொருள் இல்லை. பால்மர (ரப்பர்) காட்டை வைத்தே சொல்லலாம். ஒரு காடு முழுக்க ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒரே வகை ஒட்டுக்கன்று என்றால் எல்லா மரமும் ஒரே இனம். மரத்துக்கு மரம் பால் கூடுவதும் குறைவதும் மண்ணாலும் வெட்டுகிறவர் கையாலும்தான். விதையிலிருந்து முளைத்த பலவகைக் கன்றுகளை ஒரே சீரான நிலத்தில் நட்டால் வித்தியாசம் இனத்தால் வரும். ஆக, எண் சொல்வது அந்தக் காட்டைப் பற்றி. தனி மரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் உண்டு: இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஓரளவு சாதாரணமாக நடக்கும் குடும்பங்களில் எடுத்தவை. வன்முறை, பட்டினி, கைவிடப்படுதல் உள்ள வீடுகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அதற்கு 6-ஆம் பதிலைப் பாருங்கள்.

3. ஒரே லயத்துல, ஒரே சோறு தின்னு வளர்ந்த அண்ணன் தம்பி. ஒருத்தன் கிழக்கு, ஒருத்தன் மேற்கு. எப்படி?

ஆராய்ச்சியாளர்களையும் இதே கேள்வி உலுக்கியது. 1987-இல் ராபர்ட் பிளோமின், டெனிஸ் டேனியல்ஸ் இருவரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். முதல் காரணம் எளிது: உடன்பிறந்தவர்களுக்குள் பொதுவாக இருக்கும் மரபணு சராசரியாகப் பாதிதான்.

இரண்டாவது காரணத்தைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. ஒரே வீடு என்று நாம் சொல்வது பிள்ளைகளுக்கு ஒரே வீடாக இருப்பதில்லை. நிர்வாகம் தோட்டத்தை விற்றதால், லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்து, குடும்பம் டவுன் பிளாட்டுக்கு மாறியது என்று வையுங்கள். மூத்தவனுக்கு அப்போது 14 வயது. கூட்டாளிகள், ஆற்றங்கரை, பந்துத் திடல் எல்லாம் போய்விட்டன. அப்பா வேலை தேடி அலைந்ததை அவன் பார்த்தான். சின்னவனுக்கு 4 வயது. அவனுக்கு நினைவில் இருக்கும் முதல் வீடே பிளாட்டுதான். சம்பவம் ஒன்று, அனுபவம் இரண்டு. அதோடு அம்மாவும் ஒரே அம்மா அல்ல: 22 வயதில், காலை 5 மணிப் பெரட்டுக்கு (வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடியவர் மூத்தவனை வளர்த்தார், 32 வயதில், வீட்டிலிருந்து தையல் வேலை செய்தவர் சின்னவனை வளர்த்தார். பெரட்டுக்கு முன்னால் ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விடப்பட்ட பிள்ளையும், விடப்படாத பிள்ளையும் ஒரே 'வளர்ப்பில்' வரவில்லை.

4. மூத்தது பொறுப்பு, நடுப்பிள்ளை முரடு, கடைக்குட்டி செல்லம். இது உண்மைதானே?

இல்லை. உளவியலாளர் ஆல்பிரட் ஆட்லர் காலத்திலிருந்து சொல்லப்பட்டு வந்த கருத்து இது. 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் சேர்த்து 20,000-க்கு மேற்பட்டோரை வைத்துப் பார்த்தார்கள். பிறப்பு வரிசைக்கும் புறமுகம், பொறுப்புணர்வு, இணக்கம், பதற்றம் ஆகியவற்றுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் மட்டும் மூத்தவர்களுக்குச் சின்ன முன்னிலை இருந்தது.

வீட்டுக்குள் மூத்தவள் பொறுப்பாகத் தெரிவது நிஜம்தான். தம்பிக்குச் சோறு ஊட்ட, தண்ணீர் பிடிக்க அவளைத்தானே கூப்பிடுகிறோம்? அது அவளுக்கு வந்த வேலை. அதே பெண்ணைத் தொழிற்சாலையிலோ விடுதியிலோ பார்த்தால் வேறு ஆளாக இருக்கலாம்.

5. எங்க பொண்ணு வெளியாள் முன்னாடி வாயே தொறக்க மாட்டா. அவங்க அப்பா சத்தம் போட்டுப் போட்டுத்தான் இப்படி ஆயிட்டாளா?

அவசரப்பட்டு அப்பா தலையில் போட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன் 4 மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மை, புதுச் சத்தம், புது வாசனை காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. அப்படிப்பட்டவர்களில் பலர் பின்னாளில் புது ஆட்களைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகளானார்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். 3 வயதில் கூச்சத்தோடு இருந்தவர்களுக்கும் 26 வயதில் அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதற்கும் தொடர்பு தெரிந்தது. ஆனாலும் கேகனின் குழந்தைகளில் எல்லோரும் ஒதுங்கியே நின்றுவிடவில்லை. மெதுவாக, விடாமல் புது இடங்களுக்குப் பழக்கியவர்களின் பிள்ளைகள் தேறினார்கள். அதிகம் பொத்திப் பொத்தி வளர்த்தால் கூச்சம் கூடுகிறது.

அகமுகமும் பயமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். பிரித்துப் பார்க்க மூன்று இடங்களைக் கவனியுங்கள். பழகியவர்களோடு இருக்கும்போது நன்றாகப் பேசிச் சிரிக்கிறாளா? கல்யாண வீட்டுக்குப் போய்வந்த பிறகு சோர்ந்து தனியே போய் உட்காருகிறாளா, அல்லது போவதற்கு முந்தின நாளே வயிறு வலிக்கிறது என்கிறாளா? சோர்வு அகமுகத்தின் குறி, முன்கூட்டி வரும் வயிற்றுவலி பயத்தின் குறி. மூன்றாவது, இந்த அமைதி எப்போது தொடங்கியது? கைக்குழந்தையாக இருந்தபோதே அப்படியா, அல்லது ஏதாவது ஒரு சம்பவத்துக்குப் பிறகா? சம்பவத்துக்குப் பிறகு என்றால் அதை ஆளுமை வகை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வாயடைத்துப் போகும் பிள்ளைகள் நிறைய. அதில் பெரும்பகுதி மொழி. மலாயில் வாக்கியம் தடுமாறும்போது புறமுகப் பிள்ளையும் பின்வரிசையில் உட்காரும். புகுமுக வகுப்பிலும் படிவம் 1-இலும் ஓராண்டு பொறுத்துப் பாருங்கள். வீட்டில் பேசும் பிள்ளை பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாமல் முதல் மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

6. அப்பா குடிச்சிட்டு வந்து அடிப்பாரு. அந்த வீட்டுல வளர்ந்தவன் குணம் என்ன ஆகும்?

இங்கே வீடு மிக ஆழமாகப் பதிகிறது. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் பெரியவர்களிடம் சிறுவயதில் அடி, பாலியல் தொல்லை, வீட்டில் குடிகாரர், அம்மா மீது வன்முறை போன்றவை இருந்ததா என்று கேட்டார்கள். ஆய்வு முழுவதிலும் 17,000-க்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அனுபவ வகைகள் எத்தனை கூடுகிறதோ அத்தனைக்குப் பின்னாளில் மனச்சோர்வு, குடி, இதய நோய் கூடியது.

ஆளுமையில் இது எங்கே இறங்குகிறது? பதற்றத்தில், ஆட்களை நம்புவதில், சத்தத்துக்குத் திடுக்கிடுவதில். மோட்டோ சத்தம் வாசலில் நின்ற விதத்தை வைத்தே இன்றைக்கு அப்பா எந்த நிலையில் வந்திருக்கிறார் என்று கணிக்கப் பழகிய பிள்ளை, முப்பது வயதிலும் முதலாளியின் முகத்தை அப்படித்தான் படிக்கும். இந்தப் பதற்றத்தை அளக்கும் கோல் 1-இல் சொன்ன நான்கு எழுத்து முறையில் கிடையாது. 1989-இல் மெக்ரே, கோஸ்டா இருவரும் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, நான்கு எழுத்துகள் ஐந்து பண்புகளில் நான்கோடு பொருந்துகின்றன, பதற்றம் மட்டும் விடுபட்டுப் போகிறது என்று காட்டினார்கள். அதனால் மிகவும் அடிபட்ட ஒருவருக்கும் அந்தச் சோதனை 'மற்றவர் மனதை உடனே புரிந்துகொள்பவர்' என்று அழகான பட்டத்தைக் கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் பயம் அதில் தெரியாது.

தோட்டத்துக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு இன்னொன்று இருக்கிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் 40 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். பல பிள்ளைகளின் பெற்றோர் அங்கே கரும்பு, அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு வறுமை, பிரசவச் சிக்கல், பெற்றோரின் குடி அல்லது மனநோய், ஓயாத சண்டை என்று பல ஆபத்துகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவர்களிலும் மூன்றில் ஒருவர் நன்றாக வேலை செய்து, நன்றாகக் குடும்பம் நடத்தும் பெரியவராக வளர்ந்தார். அப்படித் தேறியவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று: பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டி, அத்தை, ஆசிரியர் என்று விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர் இருந்தார்.

7. அப்போ ரோத்தானை எடுக்கவே கூடாதா? நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் ஒழுங்கா வந்தோம்.

நீங்கள் ஒழுங்காக வந்தது அடியாலா, அடி இருந்தும் வந்தீர்களா என்று ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2016-இல் கெர்ஷாஃப், குரோகன்-கேய்லர் இருவரும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அடி கூடும் இடத்தில் முரட்டுத்தனம், ஒழுங்கு மீறல், பெற்றோரோடு விலகல் கூடியிருந்தது. ஒழுங்கு கூடியதாகத் தெரியவில்லை. முரட்டுப் பிள்ளை அதிகம் அடி வாங்குவதும் இதற்குள் கலந்திருக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அடிக்கு ஆதரவான சான்று என்று தேடினால் கிடைப்பது சொற்பம்.

8. அப்பனும் கோவக்காரன், மவனும் கோவக்காரன். பார்த்துப் பார்த்துப் பழகினதுதானே?

பார்த்துப் பழகியதாகவும் இருக்கலாம், இரத்தத்தில் வந்ததாகவும் இருக்கலாம். பெற்ற அப்பா மரபணுவையும் கொடுக்கிறார், வீட்டுச் சூழ்நிலையையும் அவரே கொடுக்கிறார். அதனால் சொந்தக் குடும்பத்தை மட்டும் பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது. 2-இல் சொன்ன தத்து ஆய்வுகள் தேவைப்பட்டதே அதனால்தான். மூன்றாவது வழியும் உண்டு: சுருக்கென்று கோபப்படும் பிள்ளை அமைதியான அப்பாவையும் கத்த வைக்கும். பிறகு அப்பாவின் கத்தல் பிள்ளையை மேலும் கிளறும். 'யார் ஆரம்பித்தது' என்று தேடாமல், முதலில் யார் நிறுத்த முடியும் என்று பாருங்கள். பெரும்பாலும் வயதில் மூத்தவர்தான்.

9. நாங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல வேலை. பிள்ளை பாட்டிகிட்ட வளருது. குணம் கெட்டுடுமா?

பாட்டி வளர்ப்பதால் கெடாது. ஜான் பௌல்பி, மேரி எய்ன்ஸ்வொர்த் காலத்திலிருந்து பிணைப்பு ஆய்வுகள் (பிள்ளைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள ஒட்டுதலைப் பற்றியவை) சொல்வது, பிள்ளை அழுதால் வந்து தூக்கும் ஆள் நிலையாக இருக்க வேண்டும் என்பதை. அந்த ஆள் பாட்டியாகவும் இருக்கலாம். ஆபத்து எங்கே என்றால், ஆறு மாதம் பாட்டி, ஆறு மாதம் சித்தி, பிறகு பக்கத்து வீடு என்று கை மாறிக்கொண்டே இருப்பதில்தான்.

நடைமுறைக்கு: வீடியோ அழைப்பை நாள் தவறாமல் ஒரே நேரத்தில் வையுங்கள். ஐந்து நிமிடம் போதும். வருவதாகச் சொன்ன வாரம் வர முடியாவிட்டால் முந்தைய நாளே பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள், பாட்டி வழியாகச் சொல்ல வேண்டாம். பாட்டியின் முடிவைப் பிள்ளை முன்னால் மறுக்காதீர்கள். நிரந்தரமாக அழைத்துப் போகும்போது பாட்டியோடு தொடர்பைத் துண்டித்துவிடாதீர்கள். பிள்ளைக்கு அது அம்மாவைப் பிரிந்தது போலவே இருக்கும்.

10. ராசி, நட்சத்திரம் பார்த்தாலும் குணம் கச்சிதமா பொருந்துதே?

1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் 'உனக்கென்று தயாரித்த ஆளுமை விளக்கம்' என்று ஒரே தாளைக் கொடுத்தார். அது ஜோதிடப் புத்தகத்தில் வரும் வரிகளைத் தொகுத்தது. ஐந்துக்குச் சராசரியாக 4-க்கு மேல் மதிப்பெண் போட்டு 'பொருந்துகிறது' என்றார்கள். போனில் வரும் நான்கு எழுத்து விளக்கத்தைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. போன மாசம் எடுத்தப்ப ஒரு வகை, இந்த மாசம் வேற வகை. எது உண்மை?

இரண்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் போகலாம். சில வாரங்கள் கழித்துத் திரும்ப எழுதினால் கணிசமானோருக்கு ஏதாவது ஓர் எழுத்தாவது மாறுகிறது. ஆள் மாறுவதால் அல்ல, நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதால். 49 எடுத்தவர் அகமுகி, 51 எடுத்தவர் புறமுகி என்றால் இரண்டு கேள்விக்குப் பதில் மாறினாலே வகை மாறும். ஆகவே எழுத்தை விட்டுவிட்டு விழுக்காட்டை எழுதி வையுங்கள். 45-க்கும் 55-க்கும் இடையில் விழுந்ததை 'முடிவாகவில்லை' என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரவு வேலை முடித்து வந்தோ, வீட்டில் சண்டை போட்டுவிட்டோ எழுத வேண்டாம். 'எப்படி இருந்தால் நல்லது' என்று பதில் சொல்லாமல், கடந்த ஆறு மாதத்தில் நிஜமாக என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். நாலைந்து வாரம் விட்டுத் திரும்ப எழுதுங்கள். உங்களை ஐந்தாண்டுக்கு மேல் தெரிந்த ஒருவரை உங்களுக்காக ஒருமுறை பதில் எழுதச் சொல்லுங்கள். அதில் பெரிய வித்தியாசம் வரும் இடம்தான் பேச வேண்டிய இடம். மொழியும் முக்கியம்: அமெரிக்காவில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் மொழிக்கு மொழி கொஞ்சம் வேறுபட்ட விடை கொடுத்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், போனில் ஆங்கிலம் என்று இருக்கும் நம் பிள்ளைகளின் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

12. ஸ்கூல்ல எடுத்த சோதனையை வச்சு படிவம் நாலுல பாடம் எடுக்கலாமா?

தொழில் ஆர்வம் பற்றிய வினாத்தாள் என்றால் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆளுமை வினாத்தாளை மட்டும் வைத்து வேண்டாம். 'அகமுகி, அதனால் ஆசிரியர் வேலைக்கு லாயக்கில்லை' என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை. தேர்வு மதிப்பெண்ணையும் பிள்ளை தானாக உட்கார்ந்து செய்யும் வேலையையும் பாருங்கள்.

13. நான் நிஜமாவே அமைதியான ஆளா, இல்ல எங்க வீட்டுல அப்படி இருந்தாத்தான் பொழைக்க முடியும்னு பழகிட்டேனா?

யுங்கே இதைத் தொட்டிருக்கிறார். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் சின்ன வயதிலேயே எதிரெதிர் வகையாக இருப்பதைப் பார்த்து, வகை பிறவியிலேயே வருவது என்று கருதினார். பெற்றோரின் அழுத்தத்தால் ஒரு பிள்ளை தன் இயல்புக்கு மாறான வகையில் வாழப் பழகினால் பின்னாளில் மனம் நோயுறும் என்றும் எழுதினார். இது அவர் மருத்துவ அனுபவத்தில் எழுந்த கருத்து, எண்ணி அளந்த ஆய்வு அல்ல. இருந்தாலும் கேள்வி பயனுள்ளது.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. உங்களை யாரும் கண்டிக்க வாய்ப்பே இல்லாத இடத்தில், உதாரணமாக வெளியூர்ப் பயணத்தில், எப்படி இருக்கிறீர்கள்? அமைதியாக இருந்துவிட்டு வந்த பிறகு மனம் நிறைந்திருக்கிறதா, அல்லது சொல்லாமல் விட்டது நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கிறதா? வீட்டை விட்டு வந்து ஓரிரு ஆண்டு ஆன பிறகு எது தானாக உதிர்ந்தது, எது அப்படியே இருக்கிறது? உதிர்ந்தது பழக்கம். அப்படியே நிற்பது இயல்பாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் 6-இல் சொன்ன பயமும் தானாக உதிராது என்பதை மறக்க வேண்டாம்.

நினைவை மட்டும் நம்பாதீர்கள். சிறுவயதில் அப்போதே பதிவான கொடுமைக்கும், வளர்ந்த பிறகு அதே ஆள் நினைவுகூர்ந்து சொல்வதற்கும் பொருத்தம் குறைவு என்று 2019-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அக்கா, அண்ணனிடம் அவர்கள் நினைவையும் கேளுங்கள். 3-இல் சொன்னபடி அவர்கள் சொல்வது வேறாக இருந்தாலும் இருவரில் ஒருவர் பொய் சொல்வதாக ஆகாது.

14. நாப்பது தாண்டியாச்சு. இனிமே என்னத்த மாறப் போறேன்?

92 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து 2006-இல் பார்த்தபோது, பொறுப்புணர்வும் நிதானமும் குறிப்பாக 20-க்கும் 40-க்கும் இடையில் வளர்வதும், அதற்குப் பிறகும் மாற்றம் நின்றுவிடாததும் தெரிந்தது. 2017-இல் 207 ஆய்வுகளைத் திரட்டியபோது, சராசரியாக 24 வாரச் சிகிச்சையிலேயே பதற்றம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. கவாய்த் தீவிலும் பதின்ம வயதில் தடம் புரண்ட பலர் முப்பதுகளில் வேலை, திருமணம், படிப்பு வழியாகத் தேறினார்கள்.

ஆலோசகரைப் பார்க்கலாம் என்றாலே 'என்ன, தஞ்சோங் ரம்புத்தானுக்கா?' என்று, மனநல மருத்துவமனை உள்ள ஊரைச் சொல்லிக் கேலி வரும். ஆலோசனை வேறு, மனநல மருத்துவமனையில் படுப்பது வேறு. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்தான் ஆலோசகர் என்று தொழில் செய்யலாம். பதிவு எண்ணையும் நடப்பில் உள்ள தொழில் சான்றிதழையும் கேட்பது உங்கள் உரிமை. செலவுக்கு அஞ்சினால் முதலில் அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போய், தூக்கம், பதற்றம், கோபம் மூன்றையும் டாக்டரிடம் சொல்லி, ஈப்போ பொது மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 15555 என்ற எண்ணுக்கும், வீட்டில் அடிதடி என்றால் 15999 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

15. கடைசியா ஒண்ணு. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் இந்த நாலு எழுத்துப் பொருத்தம் பார்க்கலாமா?

பத்துப் பொருத்தமே போதும், பதினொன்றாவது வேண்டாம். இருவர் குணமும் ஒத்திருப்பது மணவாழ்க்கைத் திருப்தியோடு மிகக் குறைந்த தொடர்பே உடையது என்று ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான தம்பதிகளை வைத்து 2010-இல் கண்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக எவ்வளவு நிதானமானவர், எவ்வளவு இணக்கமானவர் என்பதற்குத்தான் எடை அதிகம். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதென்றால் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று அவருடைய தங்கையிடம் கேளுங்கள்.